முள் குத்தாத டயர்

ஏனுங் அம்மணி, சித்த அக்கட்டால நகருங்க. இந்தச் சக்கரம் உங்க சீலையில பட்டுக் கறையாச்சுன்னா அப்பறம் என்னையத்தான் வைவீங்க. ஆமாங்க, சைக்கிள் சக்கரந்தான், பின்சக்கரம். கண்டக்டர் பாத்த பார்வைய நீங்களும் பாத்தீங்கல்ல? என்னமோ நான் எருமக்கன்னு ஒண்ணக் கூட்டீட்டு ஏறுன மாதிரி. "கடைசி சீட்டுக்குப் போங்க, யாரு மேலயும் இடிக்காம வெச்சுக்குங்க"ங்கறான். அவனுக்கென்ன தெரியும், இந்தச் சக்கரத்துல மாட்டியிருக்கற டயரு எந்த நாட்டுலருந்து கப்பலேறி வந்ததுன்னு.

காந்திபுரம் போறேன். அங்க ஒரு டயர்க் கடைக்காரன் இருக்கறான், அவன் மூஞ்சியில இதை வீசறக்குத்தான் லீவு போட்டுட்டுக் கெளம்பியிருக்கறேன். முள்ளு குத்தாத டயருன்னு சொல்லி என்ற தலையில கட்டுனான். இது மூணாவது டயருங்க. மூணும் பித்தலாட்டம்.

இந்தக் கட்டா? டியூப்புங்க. ஏழு டியூப்பு, ஏழும் பஞ்சரானது. தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்து, கொப்புளம் வர்ற எடத்தக் கண்டுபுடிச்சு, சுத்தி மார்க்கர்ல வட்டம் போட்டு, பக்கத்துல தேதியும் எழுதி வெச்சிருக்கறேன். சாட்சிங்க அம்மணி, சாட்சி. இருவத்தொம்பது வருசமா மில்லுல எலக்ட்ரிகல் பாக்கறவன். ரெக்கார்டு இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கட்டியிருக்கற ரப்பரா? அது குப்பை. ஒருத்தன் குடுத்தான், கட்டறக்காவது ஆச்சுன்னு வெச்சிருக்கறேன். அதையும் சொல்றேன், இருங்க.

நீங்க என்ன சோலி பாக்கறீங்க? திருப்பூர்லயா? பனியன் கம்பெனியில செக்கிங்கா? செரி செரி. பனியன்ல ஓட்டை இருக்குதான்னு பாக்கற வேலை. நல்ல வேலைதான், உக்காந்துட்டே பாத்தரலாம். நின்னுட்டா? நாள் பூராவுமா? செரி, நின்னுட்டே பாக்கலாம். டயரு அப்படியில்லீங்க, அதுக்கு மூளை வோணும்.

எம்பேரு குழந்தைவேலு. ஊடு மங்கலத்துல. நீங்க பஸ் ஏறி வந்த வழிதான். சோமனூருக்கு இக்கட்ட ஒரு நூல் மில்லு இருக்குதல்ல, இப்ப நான் ஏறுன ஸ்டாப்பு, அங்கதான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். மோட்டாரு எரிஞ்சாலும் நாந்தான், மேனேஜர் ரூம்ல பேன் சுத்தலீன்னாலும் நாந்தான். போன வருசம் ரத்தத்துல சக்கரை ஏறிப்போச்சு. டாக்டர் தெனமும் நடக்கச் சொன்னார். நடந்தா எப்பப் போயி எப்ப வர்றது? சைக்கிள் மிதிக்கறேன்னு சொன்னேன். நான் ஒண்ண முடிவு பண்ணீட்டா ஏனோதானோன்னு பண்றதில்லீங்க. மழையோ வெயிலோ, தெனமும் மில்லுக்குப் போக பன்னெண்டு கிலோமீட்டர், வர பன்னெண்டு.

சைக்கிள் குடுத்தது கருமத்தம்பட்டியில கிருபாகரன்னு ஒரு பல் டாக்டர். அவர் புதுசு வாங்குனார், பழச நான் வாங்கிக்கிட்டேன். ரேஸ் சைக்கிளுங்க, ஹேண்டில் பாரு கீழ வளைஞ்சிருக்கும். அந்த டாக்டருக்கு ஒரு கும்பல் இருக்குது. ஞாயித்துக்கெழமையானா பைபாஸ் ரோட்டுல பாத்திருப்பீங்க. ஒடம்போட ஒட்டுன சட்டை, கண்ணுல கூலிங் கிளாஸு, பத்துப் பன்னெண்டு பேரு. நாப்பது கிலோமீட்டர் மிதிச்சுப் போயி நெய் ரோஸ்ட்டு தின்னுட்டு, போட்டோ எடுத்துட்டுத் திரும்பி வருவாங்க. ஒருநா கூப்பிட்டாரேன்னு நானும் போனேன். அங்க பேசறது பூராவும் கிராமு. இந்த டயரு எறநூத்திமுப்பது கிராமு, அந்த டயரு எறநூத்தியிருவது கிராமுன்னு. பேசறவன் வயிறு எட்டுக் கிலோ தொங்குது, டயர்ல பத்துக் கிராமு கொறைக்கறானாம்! நான் வாய உட்டே சிரிச்சுட்டேன். அதுக்கப்பறம் என்னையக் கூப்பிடல.

அவங்க டயரு வெங்காயத் தோலுங்க. விரல்ல அமுக்குனா உள்ள போகுது. வாரத்துக்கு ஒருக்கா தார் ரோட்டுல மினுக்கறவனுக்கு அது போதும். எங்க ரோட்டுல வந்து ஓட்டச் சொல்லுங்க பாக்கலாம்! ஒரு பக்கம் வேலமுள்ளு, ஒரு பக்கம் பிராந்தி பாட்டல் சில்லு, நடுவுல லாரி டயர் வெடிச்சு உழுந்த கம்பி. டாக்டரே சொல்லீட்டார். "குழந்தைவேலுண்ணா, தெனமும் ஓட்டறவருக்கு எங்க டயரு ஆகாதுங்க. கொஞ்சம் அகலமா, உள்ள பட்டை வெச்ச டயராப் பாத்துப் போடுங்க. கனமாத்தான் இருக்கும், ஆனா முள்ளு ஏறாது. காத்து எம்பது வெச்சாப் போதும்"னார். அதுவரைக்கும் செரி. கூடவே இன்னொண்ணு சொன்னார் பாருங்க. "உள்ள ரிம் டேப்பு மக்கிப்போச்சு, நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க"ன்னார்.

ரிம் டேப்புன்னா உங்களுக்குத் தெரியாது. இங்க பாருங்க, கம்பி கம்பியா நிக்குதல்ல? இந்தக் கம்பிய முடுக்கறக்கு ரிம்முக்கு உள்பக்கம் சுத்தியும் ஓட்டை உட்டிருப்பாங்க. அந்த ஓட்டையில டியூப்பு பிதுங்கக் கூடாதுன்னு மேல ஒரு நாடா. அவ்வளவுதான், டவுசர் நாடா மாதிரி. அதுக்குன்னு தனியா ஒரு கம்பெனியாம், வெளிநாட்டுப் பேராம், அட்டைப் பொட்டியாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சுங்க. மில்லுல எங்கிட்ட இன்சுலேசன் டேப்பு ரோல் ரோலாக் கெடக்குது. கறுப்பு டேப்பு. ரெண்டு சுத்துச் சுத்தி உட்டேன். கரண்டையே தடுக்கற டேப்புங்க அம்மணி, காத்தத் தடுக்காதா?

அப்பறம் டயரு. ஊருல எவனும் டயரு வாங்காத மாதிரி நான் வாங்குனேன். எல்லாரும் கடைக்குப் போயி பேரப் பாப்பான், கலரப் பாப்பான். நான் ஒரு தீப்பெட்டியில ஏழெட்டு வேலமுள்ளு பொறுக்கிப் போட்டுட்டுப் போனேன். எங்க ரோட்டு முள்ளு, ஒவ்வொண்ணும் கோணி தெக்கற ஊசியாட்டம். கடைக்காரன் ஒவ்வொரு டயரா எடுத்து வெக்க வெக்க, நான் முள்ள எடுத்துக் கட்ட விரல்ல அமுக்கிப் பாத்தேன். "அண்ணா, அண்ணா, விக்கற சரக்குங்க!"ன்னு கத்தறான். "குத்தாத டயருன்னு சொன்னே, அப்பறம் ஏன் பயப்படறே?"ன்னு கேட்டேன். வேற வழியில்லாம அடுத்த டயர எடுத்து வெச்சான். நாலாவது டயர்ல முள்ளு முறிஞ்சுது, டயரு அசையல. அதைத்தான் வாங்குனேன்.

மிதிச்சாக் கனம். ஆட்டுக்கல்லக் கட்டி இழுக்கற மாதிரி இருந்துச்சு. இருக்கட்டுமே, நானென்ன போட்டிக்கா போறேன்? காத்து நூத்திப்பத்து அடிச்சேன். எம்பதுங்கறது பயந்தவன் அடிக்கறது. டயரு கல்லாட்டம் இருந்தா முள்ளு எந்த வழியில ஏறும், சொல்லுங்க?

பதினெட்டு நாள் ராஜாவாட்டம் ஓட்டுனேன். பத்தொம்பதாம் நாள் ஷிப்டு முடிஞ்சு சைக்கிள் செட்டுக்கு வந்து பாக்கறேன், பின்சக்கரம் தரையோட தரையா உக்காந்திருக்குது. தகரச் செட்டுங்க, மத்தியானம் உள்ள நின்னா மண்டை வெந்து போகும். அந்த வேக்காட்டுல நின்னுட்டு டயரத் தடவித் தடவிப் பாக்கறேன், ஒரு முள்ளு இல்ல, ஒரு ஆணி இல்ல. தள்ளிக்கிட்டு வெளிய வந்தேன்.

வெளிய வந்தா சூசை. அவனச் சொல்லாம இந்தக் கதை முடியாதுங்க. மில்லு கேட்டுக்குப் பக்கத்துல, காம்பவுண்டுச் சொவத்த ஒட்டி, நாலு தகரத்தச் சாத்தி பஞ்சர்க் கடை வெச்சிருந்தான். என்ற வயசுதான் இருக்கும். பழைய மேனேஜர் பாவப்பட்டு, அவன் காத்தடிக்கற மிசினுக்கு, மில்லு கேட்டுக்குப் போற கரண்டு லைன்லருந்தே ஒரு கனெக்சன் குடுக்கச் சொல்லியிருந்தார். அதையும் இழுத்துக் குடுத்தது நாந்தான். மில்லுல வேலை பாக்கறவங்க சைக்கிளு, மொபெட்டு எல்லாம் அவங்கிட்டத்தான். எந்நேரமும் சிரிச்ச மூஞ்சி. அந்த மாதிரி சிரிக்கறவன நான் நம்பறதில்ல.

அன்னைக்குப் புது டியூப்பு மாட்டிக் குடுத்தான். மாட்டும்போதே, "சார், டயரு மேல குத்தமில்லீங்க, நல்ல டயரு. இந்த ரிம்மு உள்ள..."ன்னு ஆரம்பிச்சான். நான் கையக் காட்டி நிறுத்தீட்டேன். எங்கிட்டயே பாடமா? "நீ மாட்டற வேலைய மட்டும் பாரு"ன்னேன். சிரிச்சுட்டே மாட்டிக் குடுத்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுக்காலும் அதே கதை. அதே செட்டு, அதே பின்சக்கரம். "சார், சக்கரத்த ஒரு நாளைக்கு எங்கிட்ட உட்டுட்டுப் போங்க, உள்ள..."ங்கறான். உட்டுட்டுப் போனா என்ன பண்ணுவான்? இன்னொரு ஓட்டை போடுவான், அதுதானே தொழிலு. அன்னையிலருந்து நானே டியூப்பு மாத்த ஆரம்பிச்சேன். டயரையும் மாத்தீட்டேன். காந்திபுரத்துக்காரன் அதவிட தடியா ஒண்ணு குடுத்தான், அதுலயும் முள்ளு முறிஞ்சுது. காத்து நூத்தியிருவதாக்குனேன். பத்தே நாள்ல மூணாவது பஞ்சரு.

நல்லாக் கேளுங்க அம்மணி. பன்னெண்டு கிலோமீட்டர் முள்ளு மேலயும் சில்லு மேலயும் வர்ற சக்கரம், வழியில ஒருநாக்கூட பஞ்சரானதில்ல. மில்லுக்கு வந்து நிறுத்துனாத்தான் ஆகுது. மில்லுக்கு வர்ற வழியில கடைசியா என்ன இருக்குது? சூசை கடை. நீங்க கூட்டிக் கழிச்சுப் பாத்துக்குங்க. நான் பாத்தேன்.

இந்தப் பஞ்சர்க் கடைக்காரனுக பொழப்பே அப்படித்தானுங்களே. காலைல ரோட்டுல ஆணிய வீச வேண்டியது, சாயங்காலம் பஞ்சர் ஒட்ட வேண்டியது. ஆனா வாயில சொன்னா மேனேஜர் கேப்பாரா? ரெக்கார்டு வோணும். பழைய ஸ்பீக்கர ஒடச்சு காந்தத்தக் கழட்டி, கயித்துல கட்டி, அவன் கடைக்கு முன்னாடி ரோட்டுல இழுத்துட்டு நடந்தேன். ஆளுக நின்னு வேடிக்கை பாத்தாங்க. அவனும் கையில டியூப்பத் தூக்கிப் புடிச்சுட்டு பாத்துட்டே நின்னான். ஒரு டப்பா நெறைய ஆணி, கம்பி, திருகாணி! பஞ்சர்க் கடை வாசல்ல பின்ன மல்லிகைப்பூவா கெடக்கும்னு ஒருத்தி கேட்டா. நூல் நூக்கற ரிங் பிரேம் மிசினு ஓட்டறவ, வாய்க்கொழுப்பு சாஸ்தி. "அண்ணா, உங்க டயர்ல ஒரு ஆணியாவது சொருகி நின்னுச்சா?"ன்னும் கேட்டா. குத்தீட்டு வெளிய உழுந்திருக்கும், இதுகூடத் தெரியலியான்னு சொன்னேன். கடைய எடுக்கச் சொல்லி மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதுனேன், அதுல அவ கையெழுத்துப் போடல. மத்தபடி பதினேழு பேரு போட்டாங்க. நான் சொன்னா போடாம இருப்பாங்களா? அவங்கவங்க மிசினு நின்னா எங்கிட்டத்தானே வரோணும்.

டப்பாவையும் லெட்டரையும் புது மேனேஜர் மேசையில வெச்சேன். அவர் வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, ஏதாச்சும் பண்ணிக் காட்டோணும்னு இருந்தார். காம்பவுண்ட ஒட்டிக் கடை கூடாது, லைனைக் கட் பண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டார். யாரு கட் பண்றது? எலக்ட்ரிகல் நாந்தானே. வயர் வெட்டற கட்டிங் பிளேயர எடுத்துட்டு நானே போனேன்.

சூசை ஒரு பால்காரன் வண்டிக்குக் காத்தடிச்சுட்டு இருந்தான். நான் கட் பண்ணுனதும் மிசினு அப்படியே இறங்கி நின்னுபோச்சு. சண்டைக்கு வருவான்னு பாத்தேன், வரல. காத்துக் குழாயக் கையில புடிச்சுட்டே, "சார், நான் ஆணி போடலீங்க. எம்பொண்ணு மேல சத்தியமா போடலீங்க"ன்னான். இவனுகளுக்கு சத்தியம் பண்றதுன்னா பீடி பத்த வெக்கற மாதிரி. நான் வயர மடிச்சுக் கட்டீட்டு வந்துட்டேன்.

மூணு நாள் கழிச்சு தகரத்தப் பிரிச்சு ஒரு குட்டியானை வண்டியில ஏத்துனான். நான் கேட்டுல நிக்கறேன். எங்கிட்ட வந்து இந்த ரப்பர நீட்டறான். இதேதான், இந்தக் கட்டுல சுத்தியிருக்கறது. பழைய ஸ்கூட்டர் டியூப்பு ஒண்ண ஒரு விரக்கடை அகலத்துக்கு வளையமா வெட்டி, ஓரமெல்லாம் தேச்சு வழுவழுன்னு பண்ணியிருந்தான். "உள்ள மாட்டிக்குங்க சார், இனி தொந்தரவு இருக்காது"ன்னான். பாத்தீங்களா கொழுப்ப? வெளிநாட்டுக்காரன் பட்டை வெச்சுப் பண்ணுன டயருக்குள்ள, இவன் ஓட்டை டியூப்ப வெட்டிப் போட்டாப் பஞ்சராகாதாம். பஞ்சர்க் கடை வைத்தியம்! ஐஸ் வெச்சா கடையத் திருப்பிக் குடுத்துருவேன்னு நெனச்சிருப்பான். தூக்கி வீசீருப்பேன், கட்டறக்கு ஆகும்னு டூல்ஸ் பையில போட்டுக்கிட்டேன்.

அதுக்கப்பறமா? அதுக்கப்பறம்... நாலு பஞ்சருங்க. என்ன சிரிக்கறீங்க? கடைய எடுத்துட்டாப்புல ரோட்டுல கெடக்கற ஆணி மறைஞ்சு போகுமா? மொதல் ரெண்டு பஞ்சரு அந்த மிச்ச ஆணின்னு வெச்சுக்கலாம். காந்தத்த எடுத்துட்டு மறுக்காலும் கூட்டுனேன், ஒண்ணுமே சிக்கல. அப்பறமும் ரெண்டு. அதனாலதான் சொல்றேன், டயரு பித்தலாட்டம்னு. இந்த மூணாவது டயரப் பாருங்க, உள்ள ஒரு ரப்பர் மெத்தை, மெத்தைக்கு மேல பட்டை, பட்டைக்கு மேல கட்டை. மூணு விதமாப் பாதுகாப்புன்னு அச்சடிச்சிருக்கறான். நேத்து சாயங்காலம் செட்டுல வந்து பாத்தா உக்காந்திருக்குது! சைக்கிள அங்கயே உட்டுட்டு, இன்னைக்குச் சக்கரத்த மட்டும் கழட்டீட்டு வர்றேன். பக்கத்துல பஞ்சர்க் கடையும் இல்ல. காத்தடிக்கோணும்னாலும் மூணு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போகோணும். மில்லுல எல்லாரும் இப்ப அப்படித்தான் தள்ளறாங்க. என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. கையெழுத்துப் போட்டவனே திருப்பிக்கறான், கேட்டீங்களா?

சூசையா? அவன் இப்ப அரசூர்ல ஒரு லாரி டயர்க் கடையில கூலிக்கு இருக்கறான். மெயின் ரோட்டு மேலயே, இந்தப் பஸ் அந்தக் கடைய ஒட்டித்தான் போகும். லாரி டயரக் கடப்பாறை போட்டுக் கழட்டற வேலை. இந்த வயசுல இடுப்பு தாங்குமா? அவன் தலையெழுத்து. போன மாசம் நான் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போனப்பக் கருமத்தம்பட்டியில எதுத்தாப்புல வந்தான். கையெல்லாம் கருப்பு. என்னையப் பாத்ததும் நின்னு, "சார், சக்கரம் செரியாச்சுங்களா?"ன்னு கேட்டான். நக்கலப் பாருங்க. நான் செல்போனப் பாக்கற மாதிரி போயிட்டேன்.

ஏனுங், ஏனுங், என்ன பண்றீங்க? அவுக்காதீங்க அம்மணி, தேதி வாரியா அடுக்கி வெச்சிருக்கறேன். பாக்கோணுமா? செரி, பாருங்க. ஓட்டை பாக்கறது உங்க தொழிலு, வேண்டாம்னு சொல்ல முடியுமா. இந்தாங்க, சக்கரத்த நான் நிமித்திப் புடிச்சுக்கறேன். அந்த ரப்பர மட்டும் எங்கிட்டக் குடுங்க, கீழ உழுந்தாத் தொலைஞ்சு போகும்.

இதென்ன, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறீங்க? பனியனையும் இப்படித்தான் அடுக்குவீங்களா? காலரு மேல காலரு, கையி மேல கையின்னா? இதுல காலரு ஏது... வால்வப் புடிச்சுட்டீங்களா. கெட்டிக்காரிதான். ஆமா, காத்தடிக்கற வால்வு ஒவ்வொண்ணுலயும் ஒண்ணுதான் இருக்கும்.

என்னங்க? நூறு பனியன்ல நூறு எடத்துல ஓட்டை இருந்தா துணி மட்டம். எல்லாத்துலயும் ஒரே பக்கம் ஓட்டை இருந்தா துணி மேல தப்பில்ல, தெச்ச மிசினு ஊசிதான். செரி, அது பனியனுக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?

எல்லா வட்டமும் வால்வு இருக்கற பக்கமே இருக்குதா? இருக்கட்டும். வால்வு பக்கம்னா என்னன்னு கேக்கறீங்க, அவ்வளவுதானே. வால்வு ரிம்முல சொருகி நிக்கும். அப்ப வால்வு இருக்கற பக்கம், வளையத்தோட உள்பக்கம், ரிம்மப் பாத்த பக்கம். டயரப் பாத்த பக்கம், அதாவது ரோட்டப் பாத்த பக்கம், அதுக்கு நேர் எதுத்தாப்புல. ரோட்டுல இருந்து முள்ளோ ஆணியோ ஏறுனா அந்த எதுத்தாப்புலதான் ஓட்டை உழுகோணும். இது...

இருங்க. இங்க குடுங்க.

இது மே மாசத்து டியூப்பு. வால்வு பக்கம். இது ஜூன். இதுவும் அந்தப் பக்கந்தான். இது அவன் கடைய எடுக்கறக்கு முன்னாடி. இது எடுத்ததுக்கு அப்பறம். நேத்தைய டியூப்பக் குடுங்க. இதுலயும்.

நாந்தானுங்க வட்டம் போட்டேன். ஏழு வட்டமும் என்ற கையாலதான் போட்டேன். எந்தப் பக்கம் போடறேன்னு பாக்கல.

சித்த இந்த டயரு ஓரத்த விரல்ல தூக்கிப் புடிங்க அம்மணி. ஒரு பக்கம் கழட்டித்தான் வெச்சிருக்கறேன், வரும். ஆங். பாருங்க. தெரியுதுங்களா? டேப்பு ஒரு பக்கமா ஒதுங்கிப்போச்சு. வேக்காட்டுல பசை உருகி சோப்பாட்டம் வழுக்குது. இந்த ஓட்டை தொறந்து கெடக்குது, இது பாதி, இது பூராவும். விரல உட்டுப் பாக்கறேன்... அப்பா, பிளேடாட்டம் இருக்குதுங்க ஓரம். இதுல நூத்தியிருவது காத்து அடிச்சு, தகரச் செட்டுல வேக உட்டிருக்கறேன். டியூப்பு என்ன பண்ணும், பிதுங்கித்தானே ஆகோணும்.

இந்த டேப்புக் கம்பெனிக்காரன் இருக்கறானே, அவனச் சொல்லோணும். வேக்காட்டுல உருகற பசைய வெச்சு...

என்னைய அப்படிப் பாக்காதீங்க. செரி. நாந்தான். நாந்தானுங்க சுத்துனேன். டாக்டர் சொன்னார், கேக்கல. அவன் ரெண்டு தடவை வாயெடுத்தான், ரெண்டு தடவையும் வாய மூடுன்னேன். "உள்ள, உள்ள"ன்னு அவன் சொன்னது இதைத்தானா? தண்ணி இருக்குதா?

அந்த ரப்பரா? எங்கிட்டத்தான் இருக்குது, மடியில. மாட்டிப் பாக்கச் சொல்றீங்களா? இது... செரி. இந்த நைஞ்ச டேப்ப மொதல்ல உரிச்சுப் போடறேன். அந்தப் பக்கம் இழுத்துப் புடிங்க. இன்னங் கொஞ்சம். உடுங்க.

உக்காந்துருச்சு.

அளவெடுத்த மாதிரி உக்காந்துருச்சுங்க. ஒரு மயிரெழை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஒரு ஓட்டை தெரியல. வால்வுக்குக்கூட பொத்தல் போட்டு வெச்சிருக்கறான் பாருங்க, இத்தன நாள் இதை நான் கிழிசல்னு நெனச்சேன். டயருக்குள்ள போடறது இல்லீங்க இது. ரிம்முக்கு. ரெண்டே ரெண்டு தடவை என்ற சக்கரத்தக் கையில புடிச்சான், அதுல அளவ மனசுல வெச்சிருக்கறான். கடையப் பிரிச்சுட்டு இருக்கறப்ப உக்காந்து இதை வெட்டித் தேச்சிருக்கறான். நான் அவன் கரண்டக் கட் பண்ணுன மூணாம் நாளு. எனக்கு எதுக்குங்க அவன் இதைப் பண்ணோணும்? வைஞ்சிருந்தாலும் பரவால்ல. வாயில வந்தபடி நாலு வைஞ்சுட்டுப் போயிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன்.

போயிச் சொல்லீருங்கன்னா? யாருகிட்ட? மேனேஜர்கிட்டயா? பதினேழு பேருகிட்டக் கையெழுத்து வாங்குனேன், பதினேழு பேருகிட்டயும் போயி நின்னு, டேப்பு உருகிப்போச்சு சாமின்னு சொல்லோணுமா? அந்த ரிங் பிரேம்காரி முன்னாடி? நீங்க ஈசியாச் சொல்லீட்டீங்க. இருவத்தொம்பது வருசமா குழந்தைவேலு கைவெச்சா தப்பாதுன்னு பேரு. ஒரு பய எங்கிட்ட எதுத்துப் பேச மாட்டான்.

கருமத்தம்பட்டி தாண்டீட்டமா? கணியூரும் போச்சா? நான் எங்க வெளிய பாத்தேன்.

அந்த டியூப்பெல்லாம் இங்க குடுங்க, கட்டீர்றேன். அந்த ரப்ப... ஆமா. அது இப்ப சக்கரத்துல இருக்குது. அதைக் கழட்டுனா மறுக்காலும் பஞ்சரு. உங்ககிட்ட ஒரு கயிறு, ஒரு சணலு ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்லியா. செரி. கையிலயே புடிச்சுக்கறேன். ஏழும் தொங்கட்டும். வட்டம், தேதி எல்லாம் தெரியட்டும், நான் எழுதுனதுதானே.

ஏனுங் கண்டக்டர்! அடுத்து அரசூருங்களா? நிறுத்துங்க, எறங்கோணும். காந்திபுரத்துக்குத்தான் டிக்கட் எடுத்தேன், இல்லைன்னு சொல்லல. எறங்கறேன்னா எறங்கறேன், உங்களுக்கென்ன?

சூசைகிட்ட என்ன பேசுவேன்னா? என்னத்தப் பேசறது. புது டியூப்பு ஒண்ணு பையில இருக்குது, மாட்டிக் காத்தடிச்சுக் குடுன்னு சொல்லுவேன். எவ்வளவு அடிக்கோணும்னு அவன் கேப்பான். நீ சொல்லுப்பான்னு சொல்லுவேன். அதுக்கு மேல வாயில வருதான்னு பாக்கலாம். வந்தா மில்லு லைனை மறுக்கா இழுக்கறதப் பத்தியும் பேசலாம். பிளேயரு பையிலதான் இருக்குது.

காலத் தூக்கிக்குங்க அம்மணி, சக்கரம் வருது. ஆங், வர்றேனுங்க. ஒண்ணு சொல்லீர்றேன். பஸ்ஸு கெளம்பறப்ப அந்தச் சன்னல் வழியா எட்டி எட்டிப் பாத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா.